செவ்வாய்ல அவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருந்தும் ஏன் குளிருது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல ஒரு வாசகர் எழுதின கடிதத்தைப் படிச்சேன். செவ்வாய் கிரகத்துக் காத்துல 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடுதான், ஆனா அங்க சராசரியா மைனஸ் 60 டிகிரி குளிரு, அப்புறம் எப்படி அந்த வாயுவால பூமி சூடாகும், எல்லாம் சும்மா பூச்சாண்டின்னு முடிச்சிருந்தாரு. கேள்வி நல்ல கேள்விங்க. பதில் சொல்லாம விட்டா படிக்கிறவங்க மனசுல அதுவே நின்னுரும், அதான் எழுதுறேன்.

செவ்வாய்ல காத்தே ரொம்ப கம்மி, நம்ம காத்தழுத்தத்துல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல, அதனால 95 சதவீதம்னாலும் ஒண்ணுமில்லன்னு பதில் சொல்றவங்க உண்டு. எனக்கு அந்தப் பதில் போதாது. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை மட்டும் எடை போட்டா செவ்வாய்ல 150 கிலோவுக்கு மேல வரும், பூமியில ஆறேழு கிலோதான். ஆமா, அங்கதான் அதிகம். ஆனா சூரிய வெளிச்சம் நமக்குக் கிடைக்கிறதுல பாதி கூட அங்க கிடைக்கிறதில்ல, அது ஒரு பக்கம். இன்னொண்ணு, பிரஷர் அவ்வளவு கம்மியா இருந்தா அந்த வாயு வெப்பக் கதிர்ல மெல்லிசான சில அலைநீளங்களை மட்டும்தான் பிடிக்கும், நடுவுல இருக்கிற இடைவெளி வழியா மிச்சமெல்லாம் வெளிய போயிரும். பூமியில நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஓயாம வந்து மோதிக்கிட்டே இருக்கிறதால ஒவ்வொரு அலைநீளத்துக்கும் அக்கம்பக்கத்துல இருக்கிறதும் சேர்ந்து மாட்டுது, அதோட நமக்கு நீராவி இருக்கு, செவ்வாய்ல அது இல்லாத குறைதான். அதனால அங்க இந்த வாயுவால ஏறுற சூடு ஒரு 5 டிகிரி அளவுதான், நமக்கு நீராவியும் மத்த வாயுக்களும் எல்லாம் சேர்ந்து 33 டிகிரி. அந்த 33 இல்லேன்னா பூமியோட சராசரி 15 டிகிரியா இருக்காது, மைனஸ் 18.

செவ்வாயைக் கேட்டவரு வெள்ளி கிரகத்தைப் பத்தி ஒரு வரி கூட எழுதலங்கிறதுதான் எனக்கு வருத்தம், அங்கயும் காத்து பெரும்பாலும் இதே கார்பன் டை ஆக்சைடுதான். சூரியனுக்கு ரொம்ப கிட்ட இருக்கிறது புதன், ஆனா அதிக சூடு வெள்ளிதான், சுமார் 465 டிகிரி, ராத்திரி பகல் வித்தியாசமே பெருசா தெரியாது. புதன்ல பகல்ல 430, ராத்திரியானா மைனஸ் 180, ஏன்னா சூட்டைப் பிடிச்சு வைக்க அங்க காத்து இல்ல. இதுல என்னை அசர வெச்ச விஷயம் என்னன்னா, வெள்ளியோட வெள்ளை மேகம் வர்ற வெளிச்சத்துல முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிருது, அந்தக் கணக்குல பாத்தா பூமி உள்ள வாங்குற அளவு கூட வெள்ளி வாங்குறதில்ல. கம்மியா வாங்கியும் ஈயம் உருகுற சூடு!

இது வெறும் பேப்பர் கணக்கு இல்ல. 1970 டிசம்பர் 15 அன்னிக்கு சோவியத்காரங்க அனுப்பின வெனெரா 7 அங்க எறங்குச்சு. பாராசூட் சரியா வேலை செய்யல, வேகமா வந்து விழுந்துச்சு, சிக்னல் போச்சு, கதை முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. அப்புறம் டேப்பை உக்காந்து அலசினப்பதான் இரைச்சலுக்குள்ள ரொம்ப மெலிசா 23 நிமிஷத்துக்கு சிக்னல் வந்திருக்கிறது தெரிஞ்சுது, அதுவும் டெம்பரேச்சர் மட்டும், 475 டிகிரி. வேற ஒரு கிரகத்தோட தரையில இருந்து மனுஷனுக்கு வந்த முதல் தகவலே அதுதான்.

அங்க பிரஷர் நம்மளப்போல 90 மடங்கு, அதனாலதான் சூடுன்னு அடுத்து யாராவது எழுதுவாங்க. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்பு சுடும், அடிச்சு முடிச்சு வெச்சா கொஞ்ச நேரத்துல ஆறிரும், டயருக்குள்ள பிரஷர் அப்படியேதான் இருக்கும். பிரஷர் மட்டும் சூட்டை உண்டாக்கிக்கிட்டே இருக்காது. நடக்கிறது என்னன்னா, வெள்ளியில இருந்து வெப்பம் விண்வெளிக்குத் தப்பிக்கிறது தரையில இருந்து இல்ல, 60, 70 கிலோமீட்டர் உயரத்துல இருந்து, அந்த உயரத்துல குளிருதான். அங்க இருந்து கீழ வர வர கிலோமீட்டருக்கு ஏழெட்டு டிகிரி ஏறும், தரைக்கு வந்து சேரும்போது எங்க நிக்கும்னு நீங்களே கூட்டிப் பாருங்க. பூமியில அந்த உயரம் சராசரியா 5 கிலோமீட்டர். கார்பன் டை ஆக்சைடு கூடினா அந்த உயரம் இன்னும் மேல போகும், மேல குளிரு அதிகம், குளிர்ந்த எடத்துல இருந்து வெப்பம் கம்மியாத்தான் வெளிய போகும், அதனால வர்றதும் போறதும் சமமாகிற வரைக்கும் கீழ சூடேறும். தொழிற்புரட்சிக்கு முன்னாடி பத்து லட்சத்துல 280 பங்கா இருந்தது இப்ப 420ஐத் தாண்டிருச்சு.

எங்க ஊர்க்காரங்களுக்கு இன்னொண்ணு சொல்லணும். வெள்ளி காத்துல வெச்சிருக்கிற அளவுக்குக் கிட்டத்தட்ட கார்பன் பூமிகிட்டயும் இருக்கு, ஆனா பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லா பூட்டிக் கெடக்குது. மழை, கடல், சிப்பி எல்லாம் சேர்ந்து கோடிக்கணக்கான வருஷமா செஞ்ச வேலை அது. அரியலூர்ல தோண்டினா கடல் உயிர்களோட படிமம் வருதே, அந்தப் பாறைதான். அதை சிமெண்டுக்காக சூளையில சுடும்போது சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவுக்கு 44 கிலோ கார்பன் டை ஆக்சைடா காத்துக்குப் போகுது, எரிக்கிற நிலக்கரி தனி.

அதுக்காக பூமி வெள்ளி மாதிரி ஆகிரும்னு தலைப்பு போடுறதையும் நான் ஒத்துக்க மாட்டேன், இருக்கிற நிலக்கரி, பெட்ரோல் அத்தனையும் எரிச்சாலும் 465 டிகிரிக்குப் போகாது. ரெண்டு மூணு டிகிரி ஏறினாலே நெல்லுக்கும் வெயில்ல வேலை செய்யுற ஆளுக்கும் தாங்காதுங்க, பயப்பட அதுவே போதும்.

ஒரு வேண்டுகோள். இனிமே கிரகங்களைப் பத்தி பெட்டிச் செய்தி போட்டா கார்பன் டை ஆக்சைடு சதவீதத்தை மட்டும் போடாதீங்க, காத்தழுத்தம் எவ்வளவு, சூரிய வெளிச்சம் எவ்வளவு வருது, அதுல எவ்வளவு திரும்பிப் போகுதுங்கிறதையும் சேத்துப் போடுங்க. அந்த வாசகர் இதுக்குப் பதில் எழுதினா அதையும் கண்டிப்பா வெளியிடுங்க, படிக்கக் காத்திருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அரியலூர்