கீபோர்டும் தம்புராவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒத்திசைவு மேற்கத்திய இசைக்கே உரியது, நம் செவிக்குப் பழக்கமில்லாதது என்று இசை விரும்பிகளே சொல்லக் கேட்டு வருந்தியிருக்கிறேன். சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி ஒலிக்கும் கார்டு முறை நம் மரபில் வளரவில்லை என்பது உண்மைதான். ஆயினும், இரு சுரங்களுக்கு இடையே உள்ள உறவைக் கேட்டறியும் செவி நமக்குப் புதிதன்று. இணை, கிளை, பகை, நட்பு என்று அந்த உறவுகளுக்குச் சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையிலேயே பெயர்கள் உள்ளன.

இன்றும் அந்தச் செவியை வளர்ப்பது, பாட்டுக்கு இடைவிடாமல் சுருதி தரும் தம்புராவே. என் ஆசிரியை பாடம் தொடங்குமுன் தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகிவிட்டு, தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டையின் மேல் தந்திக்கு அடியில் இருக்கும் ஜீவா நூலை மயிரிழை அளவு நகர்த்திக்கொண்டே இருப்பார். 'ஸ' ஒலிக்கும் இரண்டு ஸட்ஜத் தந்திகளில் ஒன்று நொடிக்கு 240 முறையும் மற்றொன்று 244 முறையும் அதிர்ந்தால், ஒலி நொடிக்கு 4 முறை ஏறி இறங்கித் துடிக்கும். அந்தத் துடிப்பு அடங்கி, நூலும் உரிய இடத்தில் அமர்ந்ததும், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் என்னும் 'க' சுரம், தாழ்ந்து ஒலிக்கும் மந்தரத் தந்தியிலிருந்து தானாகக் கேட்கும். முதன்முதலில் அது என் காதில் விழுந்த நாளை நான் மறக்கவில்லை.

கீபோர்டின் காந்தாரமோ இதைவிடச் சுமார் 14 சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் அலகு) கூடுதலானது. அதாவது அரைச்சுர இடைவெளியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. சிறிய வேறுபாடுதானே என்று விட்டுவிட முடியாது. பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் நடத்தப்பட்டு, 2016இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில், நெருங்கிய சுரங்கள் உரசும்போது எழும் கரகரப்பு நம்மைப் போலவே அவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனால், இணக்கமானவை என்று மேற்கில் கொள்ளப்படும் சுரக்கூட்டுகளையும் இணங்காதவற்றையும் அவர்கள் ஒன்றுபோலவே விரும்பினர். கரகரப்பை உணர்வது எல்லோருக்கும் பொது என்றாலும், எது இனிமை என்ற தேர்வைப் பெரும்பாலும் கேட்டுப் பழகியதே முடிவு செய்கிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். ஆகவே, பிள்ளைகள் அன்றாடம் எதைக் கேட்டுப் பழகுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

இப்போது பல பாட்டு வகுப்புகளில் கீபோர்டை வைத்தே சுருதி சேர்க்கக் கற்றுத் தருகிறார்கள். அதை விலக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு நாளாவது, நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்து, பாடச் சொல்லாமல், பத்து நிமிடம் கேட்க மட்டும் விடுமாறு இசை ஆசிரியர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மயிலாடுதுறை.