வாசகசாலையோடு பெரியவர்களுக்கு ஒரு பகல் அறை: நன்கொடை வேண்டுகோள்

ஊர்மக்களுக்கும், வளைகுடாவிலும் திருவனந்தபுரத்திலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு இளைஞர் பழைய ஆதாரம் (நிலப் பத்திரம்) ஒன்றோடு வாசகசாலைக்கு வந்தார். முழுக்க மலையாளம். 1118 மேட மாதம் என்று நாள் போட்டிருந்தது. "குலோத்துங்க சோழன் காலமா?" என்று கேட்டார். பெஞ்சில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "மலையாளத்துக் கொல்லம் ஆண்டு மக்களே, 825 கூட்டிப் பார்." 1943! பிறகு நான்கு எல்லைகளையும் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். இரண்டு வருட வேலித் தகராறு அன்று மாலையே ஓய்ந்தது. கூலி ஒரு கட்டன் சாயா, பால் விடாத தேநீர்.

நம் விளவங்கோடு உட்பட நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. அன்று நாலாம் வகுப்பில் மலையாளம் படித்தவருக்கு இன்று எண்பது நெருங்குகிறது. வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் ஆதாரங்களை இனி யார் வாசிப்பது?

பாட்டிமார் செய்வதற்கோ கணக்கே இல்லை. அண்டி ஆபீசுக்கு (முந்திரித் தொழிற்சாலைக்கு) போகும் தாய்மாரின் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் யார் கையில் சோறு உண்கிறார்கள் என்று பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தவர்கள் கேரளத்தில் நூற்றுக்கு 12.6, தமிழ்நாட்டில் 10.4. எல்லையில் இருக்கும் நமக்கு இரண்டு பக்கத்துக் கதையும் ஒன்றுதான்: பெரிய வீடு, பூட்டிய கேட், உள்ளே ஒருவர்.

அதனால்தான் இந்த அறை. சரிவுப் பாதை, கைப்பிடி வைத்த கழிப்பறை, இரண்டு கட்டில், ஆதாரங்களை விரித்து வாசிக்க நீண்ட மேசை, நல்ல வெளிச்சம். டி.வி. வேண்டாம் என்று குழு முடிவு செய்தது; பெரியவர்களில் பாதிப் பேருக்கு அதில் வருத்தம். இப்போது அவர்கள் கழிப்பறைக்காகவே பதினொரு மணிக்கு வீடு திரும்புகிறார்கள். எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

மதிப்பீடு 4,80,000 ரூபாய். கையில் இருப்பது 1,90,000. அதில் ஒரு பகுதி பெரியவர்களே ஓய்வூதியத்திலிருந்து தந்தது. இதைத் தர்மமாக நினைத்துத் தர வேண்டாம், பாக்கிக் கூலியாக நினைத்துத் தாருங்கள். சிமெண்டு, ஓடு, மரம், ஒரு நாள் கொத்தனார் வேலை, எதுவானாலும் சரி. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருபவர்கள் வீட்டுப் பழைய ஆதாரங்களையும் எடுத்து வாருங்கள். பெரியவர்களை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து வைப்போம்.

வரவு செலவு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பொருளாளர் மாலை 5 முதல் 7 வரை வாசகசாலையில் இருப்பார். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

கட்டடக் குழுவினர்