ஞாயிற்றுக்கிழமை எந்த பேங்க் திறந்திருக்கும், மேடம்?

கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் விடுதிக் காப்பாளர் மேடத்துக்கும் வணக்கம்.

வாட்ச்மேன் தாத்தா மேஜையில் ஒரு நீள நோட்டு இருக்கிறதே, வெளியே போகிறவர்கள் எழுதும் நோட்டு, அதை ஒருநாள் புரட்டிப் பாருங்கள். 'காரணம்' என்ற கட்டத்தில் பாதிக்கு மேல் 'கோயில்' என்றுதான் இருக்கும். கும்பகோணத்தில் கோயிலுக்கா பஞ்சம்? கும்பேஸ்வரர், சாரங்கபாணி, சக்கரபாணி, ராமசாமி என்று மாற்றி மாற்றி எழுதியே மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டோம். கோயில் என்றால் உங்கள் கையெழுத்து உடனே விழும். முதல் வருஷம் ஒருமுறை நான் 'பேங்க்' என்று உண்மையை எழுதினேன். "ஞாயிற்றுக்கிழமை எந்த பேங்க்மா திறந்திருக்கு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். வாரத்தில் அந்த ஒரு நாள்தானே, மூன்று மணியிலிருந்து ஆறு வரை, கேட் திறக்கிறது என்று பதில் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

வாஷிங் மெஷின் கேட்டோ, மெஸ் சாம்பாரைப் பற்றியோ எழுதவில்லை. (சாம்பாரைப் பற்றி எழுத வேறு மடல் வேண்டும்.) மாதத்தில் ஒரு ஞாயிறு அனுமதியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் ஒரு வேலைநாள் பிற்பகலைக் கொடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

என் ரூம்மேட் வேதாரண்யம் பக்கம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவளுக்கு உண்டு. சோப்பு, ரீசார்ஜ், ரெக்கார்டு நோட்டு எல்லாம் அதில்தான். போன வருஷம் மூன்று மாதம் பணம் வரவே இல்லை. கடைசியில் பார்த்தால், ஒழுங்காக வந்திருக்கிறது, வேறொரு கணக்குக்கு! ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தோமோ அதற்குத்தான் இந்தப் பணம் போகும். ஊரில் தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வாங்கித் தொடங்கிக் கொடுத்த கணக்கை அவள் மறந்தே போயிருந்தாள். பழைய கணக்குக்கே மாற்ற பேங்கில் ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும், பத்து நிமிஷ வேலை. ஆனால் ஞாயிறு பேங்க் கிடையாது. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமையும் 2015 முதல் கிடையாது. மற்ற சனிக்கிழமைகளில் எங்களுக்கு லேப். வேலைநாளில் வெளியே போக வேண்டுமானால் அப்பாவோ அம்மாவோ வந்து கூட்டிப்போக வேண்டும் என்பது விடுதி விதி. உப்பளத்தில் வேலை செய்கிற அவள் அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி வந்து, மகளை பேங்குக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

தபால் ஆபீஸும் ஞாயிறு பூட்டுதான். ஜெராக்ஸ் கடை அண்ணனும் திறப்பதில்லை; "காலேஜ் இல்லாத அன்னைக்கு யாரு பாப்பா வரப்போறா?" என்கிறார். திறந்திருப்பவை கறிக்கடையும் புரோட்டாக் கடையும். மெஸ்ஸில் சிக்கன் போடுவதும் அன்றைக்குத்தான்.

பாதுகாப்பு என்று சொல்வீர்கள். கார்த்திகை மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது, மேடம். பாதிக் கடை அடைத்த தெருவில் அந்த நேரத்துக்கு நடந்து வருவதைவிட, புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கூட்டமான டவுன் பஸ்ஸில் போய் நாலரைக்குள் திரும்புவது எவ்வளவோ மேல். டிக்கெட் காசும் கிடையாது. எல்லோரும் ஒரே நாளில் போனால் சிரமம் என்றால் முதல் வாரம் முதலாண்டு, அடுத்த வாரம் இரண்டாமாண்டு என்று பிரித்துவிடலாம். புதன் கடைசி இரண்டு மணி நேரம் எப்படியும் லைப்ரரிதான். அங்கே யார் என்ன படிக்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியும்.

இன்னொன்று, சின்னது. ஐப்பசி மழையில் துணி காய்வதில்லை. பாதி காய்ந்த சுடிதாரை நியூஸ்பேப்பருக்கு நடுவில் மடித்து, பாய்க்கு அடியில் வைத்து, மேலே படுத்துவிடுவோம். காலையில் மடிப்பு நேராக இருக்கும், பேப்பரின் எழுத்து சுடிதாரில் இருக்கும். அயர்ன் பாக்ஸ் வைத்துக்கொள்ளத் தடை, சரி, வயரிங் பழசு. ஆனால் இஸ்திரி வண்டிக்காரர் தினமும் கேட்டைத் தாண்டித்தான் போகிறார், பதினொரு மணிக்கு. நாங்கள் அப்போது வகுப்பில் இருப்போம். ரூம் நம்பர் எழுதிய துணி மூட்டையைக் காலையில் தாத்தாவிடம் வைத்துவிட்டுப் போக அனுமதித்தால் போதும். தாத்தாவிடம் பேசிவிட்டோம், அவருக்குச் சம்மதம்.

வரும் புதன்கிழமை மதியம் மூன்றாம் ஆண்டில் ஏழு பேர் நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வருவோம். காரணம் கட்டத்தில் 'பேங்க்' என்று எழுதியிருக்கும்.

இப்படிக்கு,
மாடி வராந்தா, கடைசி அறை