நம் தமிழாசிரியர் ஐயாவின் நினைவுக்கூட்டம்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உயர்நிலையில் நமக்குத் தமிழ் கற்பித்த ஐயா சென்ற வாரம் காலமானதையும், மண்டாய் தகனச் சாலையில் அவருடைய இறுதிச் சடங்கு நடந்தேறியதையும் உங்களில் பலர் அறிவீர்கள். சிங்கப்பூரில் தமிழ்வழியில் கற்பித்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்ட பின்னர், தமிழை வாரத்தில் சில பாடவேளைகளில் மட்டுமே கற்ற தலைமுறை நாம். அந்தக் குறுகிய நேரத்துக்குள் அவர் எவ்வளவு கொடுத்தார் என்பது இப்போதுதான் புரிகிறது. கட்டுரை ஏட்டில் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடுவாரே தவிர, திருத்தித் தரமாட்டார். நாமே கண்டுபிடித்துத் திருத்திய பிறகு, ஓரத்தில் பென்சிலால் சிறியதாக ஒரு 'சரி' போடுவார். மதிப்பெண்ணைவிட அதற்குத்தான் வகுப்பில் போட்டி இருந்தது.

வீட்டில் அவர் ஆசிரியராக நடந்துகொண்டதில்லை. தேக்கா சந்தையில் மீனின் செவுளைப் பார்த்து வாங்க அம்மாதான் (ஐயாவின் மனைவி) கற்றுக்கொடுத்தார் என்று பெருமையோடு சொல்வார்; அம்மா நோயுற்றிருந்த ஆண்டுகளில் சமையலையும் மருந்து வேளைகளையும் தாமே கவனித்துக்கொண்டார். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசினால் மட்டும் அவருக்குக் காது கேட்காது (அந்த நடிப்பில் அவரை யாரும் வென்றதில்லை என்கிறார் மகள்).

வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு, ஐயா குடியிருந்த புளோக்கின் கீழ்த்தளத்தில் நினைவுக்கூட்டம் நடைபெறும். மலர்வளையம் வேண்டாமெனக் குடும்பத்தார் கேட்டுக்கொண்டுள்ளனர். ஐயாவின் கையெழுத்துள்ள பழைய ஏடு எவரிடமேனும் இருந்தால் எடுத்துவரவும்; படம் பிடித்தபின் திருப்பித் தரப்படும். வர இயலாதோர் வெள்ளிக்கிழமைக்குள் இக்குழுவிலேயே குரல்பதிவு அனுப்பலாம்.