ஹில்ஸ்பரோவுக்குக் கிளம்புமுன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளைக்கு ஹில்ஸ்பரோ மாற்றல் உறுதியாகிவிட்டது என்று சொன்னாய். சந்தோஷம். போனில் சொன்னால் பாதி காதில் விழும், மீதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். அரிசோனா சாண்ட்லரிலிருந்து ஒரிகன் போகிறவர்கள் எல்லாரும் குளிருக்குத்தான் தயாராகிறார்கள். அந்தப் பக்கத்துக் குளிர் அப்படி ஒன்றும் பெரிதில்லை, கண்ணு. ஜனவரி இரவிலும் பெரும்பாலும் உறைநிலையை ஒட்டித்தான் நிற்கும். உங்களைப் படுத்தப்போவது ஈரமும் வரியும். இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை பாதிக்கு மேல் இங்கே, கிளம்புமுன்பே இருக்கிறது.

முதலில் மாப்பிள்ளையின் எச்-1பி வேலை விசா. ஒரே கம்பெனிக்குள் மாறினாலும், வேலை செய்யும் இடம் வேறு நகரப் பகுதிக்குப் போனால் கம்பெனி திருத்திய மனு போட்டாக வேண்டும். 2015-ல் வந்த குடியேற்றத் துறையின் சிமியோ தீர்ப்பு இதைத் தெளிவாக்கிவிட்டது. மனு அனுமதியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அது தாக்கலாகுமுன் அங்கே வேலையைத் தொடங்கக் கூடாது. "மேனேஜர் சரி சொல்லிவிட்டார்" என்பது இதற்குப் போதாது. வக்கீலிடமிருந்து தாக்கல் ரசீது வந்த பிறகே லாரிக்காரனுக்குத் தேதி சொல்லுங்கள். வீடு மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏ.ஆர்.-11 என்ற முகவரி மாற்றப் படிவத்தை இருவரும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றுவது வேறு, இது வேறு.

உன் வேலை வீட்டிலிருந்து செய்வதுதானே, அதில் சிக்கல் வராது என்று நினைக்காதே. ஒரிகனில் சம்பளத்தில் வரிப் பிடித்தம் செய்ய உன் கம்பெனி அந்த மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சின்ன கம்பெனிகள் சில "அந்த மாநிலத்தில் ஆள் வைப்பதில்லை" என்று கையை விரிக்கும். வீடு பார்க்குமுன் எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு.

இனி பணம். அரிசோனாவில் 2023 முதல் எல்லாருக்கும் ஒரே விகிதம், 2.5 சதவீதம். ஒரிகனில் வருமானத்தின் பெரும்பகுதிக்கு 8.75, கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 2,50,000 டாலருக்கு மேல் 9.9. இருவருக்கும் சேர்த்து ஆண்டுச் சம்பளம் 1,80,000 என்று வைத்துக்கொள். இங்கே மாநில வரி நாலாயிரத்துக்குள் முடியும். அங்கே பதிமூவாயிரத்தைத் தாண்டும். மாதம் ஏறத்தாழ 800 டாலர், வாடகை வித்தியாசத்துக்கு முன்பே போய்விடுகிறது. பதிலுக்கு அங்கே விற்பனை வரி கிடையாது, சாண்ட்லரில் 7.8 சதவீதம் கொடுக்கிறோம். ஆனால் 800 டாலரை அதில் ஈடுகட்ட மாதம் பத்தாயிரத்துக்குப் பொருள் வாங்க வேண்டும், அது நம்மால் ஆகிற காரியமில்லை. லாபம் எடுக்கக் கூடிய இடம் ஒன்றுதான்: மெத்தை, சோபா, லேப்டாப் என்று வாங்க இருப்பதையெல்லாம் அங்கே போய் வாங்குங்கள்.

இதற்கு மேல், ஹில்ஸ்பரோவையும் சேர்த்த போர்ட்லாந்து பெருநகர வட்டாரத்துக்கென்று மெட்ரோ வரி ஒன்று உண்டு. சேர்ந்து தாக்கல் செய்வோருக்கு வரிக்குரிய வருமானம் 2,00,000-ஐத் தாண்டும் பகுதிக்கு 1 சதவீதம். மல்ட்னோமா கவுன்டிக்குள் குடியிருந்தால் மழலையர் பள்ளிக்கென்று இன்னொரு 1.5 சதவீதம், அதுவும் ஏறத்தாழ அந்த வரம்புக்கு மேல்தான். ஹில்ஸ்பரோவும் பெத்தனியும் வாஷிங்டன் கவுன்டி. அதனால் போர்ட்லாந்து முகவரியில் ஒரு வீடு பிடித்துப்போனால், அது எந்தக் கவுன்டி என்று பார்த்துவிட்டுப் பேசு.

போனஸோ பங்கோ கைக்கு வரும் தேதியைக் கேள். ஒரிகன்வாசி ஆன பிறகு கைக்கு வந்தால், இங்கே உழைத்துச் சம்பாதித்ததாக இருந்தாலும் ஒரிகன் அதைத் தன் கணக்கில் சேர்க்கும். இரண்டு வாரம் முன்பின்னாகக் கிளம்புவதில் சில ஆயிரம் டாலர் மிச்சமாகலாம். கம்பெனி தரும் இடமாற்றப் பணத்தையும் முழுசாகக் கணக்கில் வைக்காதீர்கள்; 2018 முதல் அதுவும் சம்பளம் மாதிரிதான். பத்தாயிரம் என்றால் மத்திய வரி 22, சோஷியல் செக்யூரிட்டி மெடிகேர் 7.65, ஒரிகன் 8 சதவீதம் போகக் கையில் நிற்பது சுமார் 6,200. "கிராஸ்-அப் உண்டா?", அதாவது அந்த வரியையும் கம்பெனியே ஏற்குமா என்று இப்போதே கேட்கச் சொல். பேரம் பேச இடம் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது. அடுத்த ஏப்ரலில் இரண்டு மாநிலத்துக்கும் பகுதி ஆண்டுப் படிவம் போட வேண்டும்: அரிசோனாவுக்கு 140பிஒய், ஒரிகனுக்கு ஓஆர்-40-பி. மாறிய தேதிக்குச் சான்றாக லாரி ரசீதைப் பத்திரப்படுத்து.

வீடு பார்ப்பதில் இங்கே பழகினதைத் தலைகீழாக்கு. சாண்ட்லரில் வெயில் விழாத வீடாகத் தேடுவோம். அங்கே தெற்கு ஜன்னல் இருக்கிற வீட்டைக் கேள். போர்ட்லாந்தில் வருடத்துக்கு 36 அங்குலத்துக்கு மேல் மழை, அதுவும் அக்டோபர் பாதியிலிருந்து மே வரை தூறலாகவே பெய்துகொண்டிருக்கும். பீனிக்ஸில் எட்டு அங்குலம் வந்தாலே நல்ல வருடம். தூறல் வெளியே, நாம் சமைப்பதும் குளிப்பதும் உள்ளே. குக்கர் ஆவி போக இடமில்லாமல் குளிர்ந்த வெளிச்சுவரில் படிந்து, அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளியாக வரும். அதுதான் பூஞ்சை. வீட்டைப் பார்க்கப் போகும்போது பாத்ரூம் விசிறியைப் போட்டு ஒரு டிஷ்யூ தாளை அதன் கம்பியில் வைத்துப் பார். ஒட்டிக்கொண்டு நின்றால் காற்றை இழுக்கிறது. விழுந்தால் சத்தம் மட்டும்தான். அடுப்புக்கு மேலே உள்ள ஹூட் காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி முகத்திலேயே விடுகிறதா என்று கேள். நம் தாளிப்புக்கு இரண்டாவது வகை உதவாது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிகளைத் திறந்து, மூலையில் முகர்ந்து பார். வெட்கப்படாதே.

குடியேறியதும் பதினைந்து டாலருக்குள் ஒரு ஈரப்பதமானி வாங்கி வை. 40 முதல் 50 சதவீதம் நல்லது; 60-ஐத் தாண்டி நின்றால் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் ஓட வேண்டும். கட்டிலையும் பீரோவையும் வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள். மாப்பிள்ளையின் மிருதங்கம் ஈரப்பதமானி வைத்த அறையிலேயே இருக்கட்டும். தோல் ஈரம் குடித்தால் சுருதி இறங்கிவிடும்.

குளிர் ஊர்தானே என்று ஏசி இல்லாத வீட்டை எடுத்துவிடாதீர்கள். 2021 ஜூன் 28 அன்று போர்ட்லாந்தில் 116 டிகிரி ஃபாரன்ஹீட் அடித்தது, நம் பீனிக்ஸ் ஜூலைக்குச் சமம். ஹீட் பம்ப் இருக்கும் வீடு கிடைத்தால் இரண்டு காலத்துக்கும் அதுவே போதும். சுவரடியில் நீளமாக ஓடும் மின்சார பேஸ்போர்டு ஹீட்டர் மட்டும் இருந்தால் வாடகையோடு அதன் கரன்ட் செலவையும் கூட்டிப் பார். அதே சூட்டுக்கு ஹீட் பம்பைப்போல இரண்டு மூன்று மடங்கு கரன்ட் இழுக்கும்.

வாடகை ஏற்றத்துக்கு ஒரிகனில் உச்சவரம்பு உண்டு: விலைவாசி உயர்வோடு 7 சதவீதம், எப்படியும் 10-ஐத் தாண்டக் கூடாது, முதல் வருடம் ஏற்றவே கூடாது. ஆனால் 15 வருடம் ஆகாத கட்டடத்துக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. பளபளவென்று ஜிம்மோடு காட்டுகிற புதுக் கட்டடங்கள் எல்லாம் அந்த விலக்கில் வருபவை. கட்டின வருடத்தைக் கேட்டு எழுதிக்கொள்.

காரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்த வெயில் பல கோளாறுகளை உண்டாக்கி, அவற்றை மறைத்தும் வைக்கும். பேட்டரியை அரித்துத் தின்பது சூடு. நின்றுபோவது முதல் குளிர்ந்த காலையில். இரண்டரை வருடம் ஆகியிருந்தால் கிளம்புமுன் லோடு டெஸ்ட் பாருங்கள். டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி: 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம். வெயிலில் நின்ற டயருக்குப் பட்டை ஆழம் நன்றாக இருக்கும், ரப்பர் கட்டையாகியிருக்கும். ஈரச் சாலையில் பிரேக் போட்டால் வழுக்கும். ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள், ஆனால் அங்கே போய், வரியில்லாமல். மூன்று சிகர மலையும் பனிச்செதிலும் பொறித்த ஆல்-வெதர் வகை கேளுங்கள். காற்றழுத்தம் 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு பி.எஸ்.ஐ. வீதம் இறங்கும். இங்கே 110-ல் 35 பிடித்த டயர் அங்கே 40 டிகிரிக் காலையில் 28 காட்டும். டயர் பஞ்சர் என்று பயந்துவிடாதே.

கூலன்ட்டில் இங்கே கோடையில் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால் உறைநிலை கெட்டிருக்கும். பாதிக்குப் பாதி கலவைக்கு மாற்றச் சொல். கண்ணாடி கழுவும் டப்பாவில் இருப்பதைப் பீய்ச்சித் தீர்த்துவிட்டு உறையாத நீலத் திரவம் ஊற்றுங்கள். வைப்பர் ரப்பர் இரண்டும் புதுசு.

இனி யாரும் சொல்லாத ஒன்று: சன்ரூஃப். அதன் மூலைகளில் மழைநீர் இறங்கும் ஓட்டை உண்டு. சாண்ட்லர் புழுதி அதை அடைத்து வைத்திருக்கும், மழையே இல்லாததால் தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்று. கொஞ்ச நேரத்தில் முன் சக்கரத்துக்குப் பின்னால் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் புல் வெட்டும் மெஷினின் நைலான் நரம்பை உள்ளே விட்டு மெதுவாகக் குத்து. கம்ப்ரஸர் காற்று அடிக்காதே. உள்ளே குழாய் கழன்றால் தண்ணீர் கூரைத் துணிக்குள் இறங்கும்.

கண்ணாடிக் கறுப்பு ஃபிலிமையும் பார். அரிசோனாவில் பின் கண்ணாடிகள் எவ்வளவு கறுப்பாகவும் இருக்கலாம். ஒரிகனில் செடான் காருக்குப் பக்கக் கண்ணாடி நான்கிலும் 35 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும். குடியேறிய 30 நாளுக்குள் காரைப் பதிவு செய்து ஒரிகன் உரிமமும் வாங்க வேண்டும். போர்ட்லாந்து சுற்றுவட்டத்தில் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் (டி.இ.க்யூ.) புகைச் சோதனை முதலில், வண்டிப் பதிவு அலுவலகம் (டி.எம்.வி.) பிறகு. இங்கே பின்னால் மட்டும்தான் பிளேட். அங்கே முன்னாலும் வேண்டும், அதற்கான பிராக்கெட்டைத் தேடி எடுத்து வை. அரிசோனா பிளேட்டை ஒப்படைக்குமுன் அரிசோனா இன்சூரன்ஸை நிறுத்தாதே, இங்குள்ள வண்டிப் பதிவு அலுவலகம் (எம்.வி.டி.) அபராதம் போடும்.

கராஜில் இருக்கும் அட்டைப் பெட்டிகளை அப்படியே ஏற்றாதீர்கள். இருட்டிய பிறகு புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால் தேள் பச்சையாக மின்னும். பெட்டி மடிப்பிலும் பழைய ஷூவிலும் முதலில் பார். கராஜில் கோடை முழுக்க வெந்த மாத்திரை, பசை, மெழுகுவர்த்தி எல்லாம் குப்பைக்கு. கறிவேப்பிலைச் செடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன். ஐ-10-ல் பிளைத் ஊருக்கு அருகே கலிபோர்னியா சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்பார்கள். எலுமிச்சைக் குடும்பத்தைத் தாக்கும் சிலிட் பூச்சிக்குக் கறிவேப்பிலை என்றால் உயிர். அதனால் உள்ளே விட மாட்டார்கள். அங்கிருந்து ஐ-5 பிடித்தால் மொத்தம் 1,300 மைலுக்கு மேல், மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதிக்குள் போவது நல்லது. நவம்பரில் 4,310 அடி உயர சிஸ்கியூ கணவாயில் பனி விழ ஆரம்பித்துவிடும், டயர்ச் சங்கிலி கையில் இருக்க வேண்டும்.

சமையலறையில் ஒரே மாற்றம் மாவு. இங்கே ஆறு மணி நேரத்தில் பொங்கி வழிவது அங்கே 65 டிகிரி ஃபாரன்ஹீட் சமையலறையில் விடிந்தாலும் அசையாது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வை என்று எல்லாரும் சொல்வார்கள். பழைய குண்டு பல்பாக இருந்தால்தான் அது வேலை செய்யும், எல்.இ.டி. சுடாது. அப்படியானால் ஓவனை ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டு அணைத்து, பாத்திரத்தை வை. கதவில் ஒரு சீட்டும் ஒட்டு, இல்லாவிட்டால் மாப்பிள்ளை பீட்சாவுக்குச் சூடேற்றிவிடுவார். வடகம், வற்றல் எல்லாம் கிளம்புமுன் நம் மொட்டை வெயிலில் போட்டுக்கொள்ளலாம். அங்கே குளிர்காலத்தில் காயவே காயாது.

டிசம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும். 10,000 லக்ஸ் விளக்கு ஒன்று வாங்கி, காலையில் 20 முதல் 30 நிமிடம், ஒன்றரை அடி தூரத்தில் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு வேலை செய். சாயங்காலம் போட்டால் தூக்கம் கெடும். வைட்டமின் டி இரத்தப் பரிசோதனையை டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். குடை அங்கே யாரும் எடுப்பதில்லை. தலைமூடியோடு, தையல் வழியே நீர் புகாதபடி ஒட்டிய மழைச் சட்டைதான்.

வாடகை ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்பு. பூஞ்சை பற்றிய இணைப்புத் தாளையும் சேர்த்து அனுப்பு. விசிறி பழுதானால் யார் பொறுப்பு, சுவரைத் துடைக்கும் செலவு யார் தலையில் என்பதெல்லாம் அதில்தான் சின்ன எழுத்தில் இருக்கும்.

அன்புடன்,
அம்மா