பதுங்குகுழியில் யாரும் ஓடிக்கொண்டே இருக்கவில்லை: போர்ப்பட இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையைப் படமாக்கிய, இனியும் படமாக்கப் போகிற இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் படங்களை விடாமல் பார்க்கிறவன் என்ற உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அந்த விசில் காட்சியைக் கொஞ்ச காலத்துக்கு ஒதுக்கி வைக்க முடியுமா?

எந்தக் காட்சி என்று உங்களுக்கே தெரியும். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு சிப்பாய் வாந்தி எடுப்பான், இன்னொருவன் வீட்டுப் படத்தைச் சட்டைப்பைக்குள் திணிப்பான். விசில் சத்தம், ஏணி. மேலே ஏறிய முதல் ஆள் அப்படியே சரிந்து உள்ளே விழுவான். அப்புறம் எந்திரத் துப்பாக்கி, சேறு, ஓட்டம்.

இதற்கு முன்னோடி 1916 ஆகஸ்டில் பிரிட்டனில் வெளியான 'தி பேட்டில் ஆஃப் தி சோம்' என்ற ஆவணப்படம். பிரான்ஸில் சோம் ஆற்றங்கரையில் நடந்த போரைப் பற்றியது. முதல் ஆறு வாரத்தில் சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று கணக்கு. எடுத்தவர்கள் ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டோவெல் என்ற இரண்டு ஒளிப்பதிவாளர்கள். படத்தின் பெரும்பகுதி களத்திலேயே எடுத்ததுதான். ஆனால் எல்லோர் நினைவிலும் நின்ற அந்தத் துண்டு, அதாவது வீரர்கள் குழியிலிருந்து மேலேறும்போது ஒருவன் சரிந்து விழுவது, போர்முனைக்குப் பின்னால் நடிக்க வைத்து எடுத்தது என்பதே வரலாற்றாசிரியர்களின் முடிவு. கையால் சுற்றுகிற அந்தக் கனத்த கேமராவை வைத்துக்கொண்டு நிஜத் தாக்குதலை அவ்வளவு கிட்டத்தில் எடுக்க வழியில்லை. மாலின்ஸ் கோழை அல்ல. சோம் தாக்குதல் தொடங்கிய ஜூலை 1 காலையில் ஹாதார்ன் மேட்டில் வெடித்த சுரங்கக் குண்டைப் படம் பிடித்தவர் அவர்தான். ஆனால் அவர் பிடித்த நிஜத்தை விட்டுவிட்டு, நடிப்பைத்தான் நூறு வருஷமாக நகலெடுக்கிறீர்கள்.

தாக்குதலே நடக்கவில்லை என்று யார் சொன்னது? அதே ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் வீழ்ந்தார்கள், அதில் 19,240 பேர் செத்தார்கள். அதைக் காட்ட வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. மற்ற நாட்கள் எங்கே போயின என்பதுதான் என் கேள்வி.

பிரிட்டிஷ் படைகள் முறை வைத்துத்தான் இருந்தன. முன்வரிசைக் குழியில் சில நாள், துணை வரிசையில் சில நாள், அப்புறம் பின்னால் ஏதாவது கிராமத்தில். முன்வரிசையிலும் விடியும்போதும் இருட்டும்போதும் துப்பாக்கியோடு தயாராக நிற்பது தவிர, பகலில் தலையைத் தூக்கக்கூடாது. தூங்கலாம், இல்லாவிட்டால் சட்டைத் தையலில் ஒளிந்திருக்கும் பேனை மெழுகுவர்த்திச் சுடரில் பொசுக்கலாம். வேலையெல்லாம் ராத்திரியில். மணல்மூட்டை கட்டுவது, அறுந்த முள்கம்பியைச் சரிசெய்வது, தண்ணீரும் சோறும் குண்டும் சுமந்து வருவது, இடிந்த சுவரை மறுபடி தோண்டுவது. துப்பாக்கியைவிட மண்வெட்டிதான் சிப்பாயின் கையில் அதிக நேரம் இருந்தது. உங்கள் படங்களில் மட்டும் குழி எப்போதும் தயாராக இருக்கிறது. '1917' படத்துக்காக ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்குக் குழி வெட்டினார்களாம். வெட்டிய ஆட்களையே படமெடுத்திருந்தால் பாதி உண்மை அதிலேயே கிடைத்திருக்கும்.

குழியின் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்வரிசைக் குழிகளைச் சில மீட்டருக்கு ஒருமுறை வளைத்து வளைத்துத்தான் வெட்டினார்கள். ஒரு மடக்கில் குண்டு விழுந்தால் அடுத்த மடக்கில் இருப்பவன் பிழைக்கட்டும் என்று. ஆகவே அவன் கண்ணுக்கு எட்டியது நாலைந்து முகம், மண்சுவர், தலைக்கு மேலே ஒரு கீற்று வானம், அவ்வளவுதான். 1957இல் குப்ரிக் 'பாத்ஸ் ஆஃப் குளோரி'யில் கிர்க் டக்ளஸை நீளமான குழியில் நடக்கவிட்டு, கேமராவை அவருக்கு முன்னால் பின்னோக்கி நகர்த்தினார். அற்புதமான காட்சி, எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் உள்ளே கிடந்த சிப்பாய்க்கு அந்த நீளம் ஒருநாளும் தெரிந்திருக்காது.

இதைவிடப் பெரிய குறை, ஷெல்லடி. பிரிட்டிஷ் வீரர்கள் பட்ட காயங்களில் பாதிக்கு மேல் பீரங்கியும் மோர்ட்டாரும் தந்தவை. எங்கோ மைல் கணக்கில் தள்ளி நிற்கிற பீரங்கிக்காரனை யாரும் பார்க்கப் போவதில்லை. ஓடி ஒளியவோ திருப்பி அடிக்கவோ வழியில்லை. உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சோம் தாக்குதலுக்கு முன் பிரிட்டிஷ் பீரங்கிகள் ஏழு நாள் விடாமல் சுமார் 15 லட்சம் குண்டுகளைக் கொட்டின. ஜெர்மானியர்கள் அந்த ஏழு நாளும் ஆழமான நிலவறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளை மட்டுமே கதையாக வைத்த படம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

காரணமே இல்லாத சாவைத் திரையில் வைக்க உங்களுக்குத் தயக்கம் என்று தோன்றுகிறது. 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' நாவலில் எரிக் மரியா ரெமார்க் கதாநாயகன் பால் என்பவனை ஒரு சின்னப் பத்தியில் சாகடித்துவிடுகிறார். 1918 அக்டோபரில், குறிப்பிடும்படி ஒன்றும் நடக்காத ஒரு நாளில். அவன் நண்பன் காட் என்பவன் காயத்தோடு பாலின் தோளில் போகும்போது, எங்கிருந்தோ வந்த குண்டுச் சில் தலையில் பட்டுச் சாகிறான். அதே நாவலை வைத்து எடுத்து, நாலு ஆஸ்கர் வாங்கிய 2022 படம் என்ன செய்தது? நண்பன் காட் என்பவனைச் சுட ஒரு பண்ணைக்காரப் பையனைக் கொண்டுவந்தது. பாலுக்காக, போர் நிற்கச் சில நிமிடம் இருக்கையில் ஒரு கடைசித் தாக்குதலையே உண்டாக்கியது. படம் நன்றாகத்தான் இருந்தது, எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் நாவலில் யார்மேலும் பழி போட முடியாது. படத்தில் பழி போட, அந்தத் தாக்குதலுக்கு உத்தரவிட்ட ஒரு தளபதி கிடைத்துவிடுகிறார்.

காத்திருப்பதைக் காட்டினால் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் 1981இல் வந்த 'தாஸ் பூட்' என்ன செய்தது? ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குள் கொஞ்சம் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, மேலே வெடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி நிற்கிறார்கள். உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நிலவறையில் அது நடக்காதா என்ன? பீட்டர் ஜாக்சன் 2018இல் பழைய படச்சுருள்களுக்கு வண்ணமேற்றி, முதிய வீரர்களின் பதிவு செய்த குரல்களை வைத்து ஓர் ஆவணப்படம் தந்தார். டீ, பூட்ஸ், கக்கூஸ், சிரிப்பு எல்லாம் அதில் உண்டு. சண்டைக்குப் படச்சுருள் இல்லாததால், அந்தக் காலப் பத்திரிகை ஓவியங்களை வைத்துச் சமாளித்தார். வண்ணமேற்றியதில் எனக்கு முழுச் சம்மதமில்லை, ஆனால் இது நேர்மையான வேலை.

கடைசியாக, எங்கள் ஆட்கள், அதாவது பிரிட்டனுக்காகப் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள். 1914 இலையுதிர்காலத்தில் லாகூர், மீரட் படைப்பிரிவுகள் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிப் போர்முனைக்குப் போயின. 1915 மார்ச்சில் நவ் ஷபேல் ஊரில் இந்தியர்கள் ஏராளமாக மடிந்தார்கள். அந்த ஆண்டின் முடிவில் காலாட்படையை மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) மாற்றினார்கள், குதிரைப்படை தங்கியது. '1917' படத்தில் ஒரு லாரிக்குள் ஒரு சீக்கியச் சிப்பாய் வருகிறார். ஒருவராவது வந்தாரே.

அவர்கள் ஊருக்கு அனுப்பிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள், மொழிபெயர்த்துக் குறிப்பும் எடுத்தார்கள். இது தெரிந்து சிலர் பூடகமாக எழுதினார்கள். இந்தியப் படை கறுப்பு மிளகு, வெள்ளைக்காரப் படை சிவப்பு மிளகாய். எது தீர்ந்துகொண்டு வருகிறது, எது இனி வரப்போகிறது என்று சமையல் சாமான் கணக்கு போல வீட்டுக்குச் சேதி போனது. குளிர், மழை, ஷெல்லடி, ஊர் நினைப்பு எல்லாம் அந்தக் குறிப்புகளில் உண்டு. அவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அடுத்த படத்துக்குக் குழி வெட்ட ஆள் வைப்பதற்கு முன்னால், திரைக்கதை எழுதுகிறவரை ஒரு வாரம் அங்கே அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்