வேலி போடாத ஊர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து மறுபடியும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. மகள் வீட்டில் தங்கியிருக்கும் எனக்கு இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் குளிர் இன்னும் பழகவில்லை. ஆனாலும் நவம்பர் கடைசியில் லாக்ஸ்டன் என்னும் சிற்றூருக்குப் போய் வந்தேன். அளவுச் சங்கிலியோடு காலமெல்லாம் வயல்களில் அலைந்த உனக்கு அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு தேவாலயம், பழைய கோட்டை இருந்த மண்மேடு, ஒரு மதுக்கடை, தெருவை ஒட்டிச் செங்கல் பண்ணைவீடுகள்: பார்வைக்கு அவ்வளவுதான் ஊர். இங்கிலாந்தின் பிற ஊர்களில் பொது வயல்கள் ஏறக்குறைய எல்லாமே, குறிப்பாக 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களின் வழியே, வேலியடைக்கப்பட்டுத் தனித்தனிப் பண்ணைகளாகிவிட, இங்கே மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெருவயல்கள் இன்றும் திறந்தே கிடக்கின்றன. நல்ல மண்ணும் மட்டமான மண்ணும் எல்லாருக்கும் கலந்து கிடைக்கும்படி, ஒவ்வொரு குடியானவருக்கும் மூன்றிலும் நீளநீளமான துண்டுகள் உண்டு. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகால விதைப்பு, மூன்றாவது தரிசு என்று வருடந்தோறும் முறை மாறும்.

இது தப்பிப் பிழைத்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மான்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு என்று நிலம் இருவர் கையில் இருந்தது. வேலியடைக்க இருவருக்கும் இடையே உடன்பாடு ஏற்படவில்லை. பங்காளித் தகராறில் வயல் பாழானதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். பெரிய மனிதர்கள் ஒத்துப்போகாததால் வயல் பிழைத்ததை இங்கேதான் கண்டேன்.

நான் போனது ஜூரி நாள். ஊர்க் குடியானவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூரியினர் டிராக்டர் வண்டியில் ஏறி, புதிதாகக் கோதுமை விதைத்த வயலுக்குப் போய், சாலையிலும், உழாமல் புல்லுக்காக விட்ட தாழ்நிலத்திலும் யாராவது ஏரை ஓட்டியிருக்கிறார்களா என்று சேற்றில் நடந்து பார்க்கிறார்கள். எல்லை மங்கிய இடத்தில் முளை அடிக்கிறார்கள். அடுத்த வாரம் அந்த மதுக்கடையிலேயே, வயல்களைக் கவனிக்கும் பழைய ஊர் மன்றம் கூடி, அத்துமீறியவருக்கு அபராதம் விதிக்கும். தொகை அற்பம்தான், ஆனால் ஊரார் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுகிறதே!

நிலம் 1952இல் அரசுக்கும், 1981இல் முடியரசின் பெயரிலுள்ள நிலங்களைப் பார்க்கும் மகுடச் சொத்து நிர்வாகத்துக்கும் கைமாறி, 2020இல் மான்வர்ஸ் வழியினரின் எஸ்டேட்டுக்கே திரும்பியிருக்கிறது. மன்றம் மட்டும் விடாமல் கூடுகிறது.

மார்க் பியர்ஸ் என்ற நில அளவர் 1635இல் துண்டு துண்டாக அளந்து வரைந்த இந்த ஊரின் படம் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும்கூட அதில் சின்னச் சின்னதாகத் தீட்டியிருக்கிறார். நகல் ஒன்றைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். உழவுச் சாலே எல்லையாக இருக்கும் வயலைப் பார்த்ததும் உனக்குக் கை துறுதுறுக்கும் என்று தெரியும். பென்சிலால் மட்டும் குறி.

உன் அன்பு நண்பன்